வயிறு அடித்த ஹார்ன்

நான் ஓட்டுவது சின்ன லோடு வண்டி. விடியக்காலம் எங்கள் ஊர் சுந்தரபாண்டியபுரத்தில் காய்கறி ஏற்றுவேன். செங்கோட்டை தாண்டி, மலை ஏறி, புனலூரில் இறக்குவேன். முதலாளி தென்காசிக்காரர். காய்கறி வியாபாரி.

எனக்குத் தொப்பை போட்டுவிட்டது. வண்டியை ஒடித்துத் திருப்பினால் வயிறு ஸ்டியரிங் நடுவில் அமுங்கும். ஹார்ன் அடிக்கும். சீட்டைப் பின்னால் தள்ளிப் பார்த்தேன். கால் கிளச்சுக்கு எட்டவில்லை. நான் கட்டை. திரும்ப முன்னால் இழுத்துக்கொண்டேன்.

மலைப்பாதையில் பிரச்சினை இல்லை. வளைவுக்கு வளைவு ஹார்ன் அடிக்கச் சொல்லி போர்டே இருக்கிறது. அங்கே என் வயிறு சட்டப்படி நடந்துகொண்டது. ஊரில்தான் தொந்தரவு. சூரியகாந்தித் தோட்டத்து முக்கில் நின்று போட்டோ எடுக்கிறவர்கள் துள்ளி விழுவார்கள். தெரு முக்கில் திரும்பினால், சத்தம் கேட்டு என் மனைவி தட்டில் சோற்றைப் போட்டுவிடுவாள்.

ஒருநாள் புளியரை செக்போஸ்டில் ஒரு போலீஸ்காரர் ஓரங்கட்டச் சொன்னார். நிறுத்தினேன். ஜன்னலுக்குள் தலையை விட்டார். பேப்பர் எடுக்கக் குனிந்தேன். வயிறு அமுங்கியது. பாம்.

"யோவ், எனக்கே ஹார்ன் அடிக்கியா?"

"நான் அடிக்கல சார். வயிறு."

"வயித்துக்கு லைசென்ஸ் இருக்கா?"

செக்போஸ்டிலிருந்து முதலாளிக்கு போன் போனது. சாயங்காலம் கூப்பிட்டார்.

"சாரல் சீசன் முடியதுக்குள்ள வயித்தக் கொறையும்வே. இல்லன்னா சாவிய வச்சிட்டுப் போயிரும். வேற ஆளு பாத்துக்கிடுதேன்."

எனக்குத் தெரிந்தது இந்த ஒரு வேலைதான்.

டாக்டரிடம் போனேன். பரோட்டாவை விடச் சொன்னார். காய்கறி தின்னச் சொன்னார். புனலூரிலிருந்து திரும்பி வரும்போது குற்றாலத்தில் பரோட்டா தின்பது வழக்கம். விட்டேன். காய்கறிதான் கிடைக்கவில்லை. எங்கள் தெருக் கடையில் வாசல் நிறைய சிப்ஸ் பாக்கெட் தொங்கும். காய்கறி கேட்டால் உருளைக்கிழங்கைக் காட்டுவார்கள். விளைந்ததெல்லாம் விடியுமுன்னே வண்டி ஏறிவிடும். ஏற்றுவது நான்தான்.

"ஊருக்கெல்லாம் காய் சுமக்குதிய. வீட்டுக்கு நாலு வெண்டைக்கா கொண்டார முடியலையா?" என்றாள் மனைவி.

"எடை போட்ட மூட்டை. கை வைக்கக் கூடாது."

"அப்பம் வயித்தத்தான் அவிச்சுத் திங்கணும்."

மறுநாள் புனலூரில், சரக்கு இறக்கின கடையிலேயே வெண்டைக்காய் வாங்கினேன். கடைக்காரர் மலையாளி. பையையும் என்னையும் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது நீ காலையிலே கொண்டுவந்ததல்லே?"

"ஆமா."

"பின்னே எதுக்கு திரிச்சு ஊருக்கே கொண்டுபோகுது?"

"எங்க ஊர்ல கெடைக்கல."

அவர் சிரித்து முடிக்கும்வரை நின்றேன். கொஞ்சம் கறிவேப்பிலை சும்மா போட்டார்.

அன்றுமுதல் தினமும் அப்படித்தான். எங்கள் ஊர் வெண்டைக்காய் மலை தாண்டிப் போய், மலை தாண்டி வந்து, எங்கள் சட்டியில் விழுந்தது. குற்றாலத்தைக் கடக்கையில் சால்னா வாசனை அடிக்கும். கண்ணாடியை ஏற்றிவிடுவேன்.

சாரல் நின்றது. முதலாளி தன் வண்டி செட்டு வாசலில் நின்றார். குறுகல் சந்து.

"ஒடிச்சுத் திருப்பும்வே."

முழுக்க ஒடித்தேன். சத்தமில்லை. மறுபக்கம் ஒடித்தேன். சத்தமில்லை.

"வயரப் பிடுங்கிட்டீரா?"

கையால் அடித்துக் காட்டினேன். அடித்தது.

"சரி, நீரே ஓட்டும். இப்பம் எறங்கும், நான் உள்ள விடுதேன்."

ஏறினார். திருப்பினார். பாம்.

தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். நான் சந்துப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வே, என்னத்தத் தின்னீரு?"

"வெண்டைக்கா."

"எங்க வாங்குனீரு?"

"புனலூர்ல. நம்ம சரக்குதான் முதலாளி."

"நாளைக்கு எனக்கும் ஒரு கிலோ வாங்கிட்டு வாரும்."