அடுக்குப்பாறைத் தழைகள்

எங்கள் மலை வழிகாட்டி பெரியண்ணன் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. வெள்ளிமலையிலிருந்து அடுக்குப்பாறைக்கு எங்களைக் கூட்டிப்போன நாலு தடவையும் சேர்த்து, "பாத்து வாங்க, சார்" என்பதைத் தாண்டிப் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். எங்களுக்கும் அது வசதியாக இருந்தது. நாங்கள் நண்பர்கள் எட்டுப் பேர் பேசுவதற்கே நேரம் போதாது.

எனக்குக் கள்ளக்குறிச்சியில் ஜெராக்ஸ் கடை. வாரம் முழுக்க ஒரே மிஷின் முன்னால் நிற்கிறவனுக்கு மலைப் பைத்தியம் பிடிப்பதில் ஆச்சரியம் இல்லை. அந்தப் பாறைகளும் அப்படி. மழையும் காற்றும் அரித்து அரித்து, ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிழ்த்த சட்டிகள் மாதிரி நிற்கும். சிலவற்றில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை. போட்டோ எடுத்துப் போட்டோம். பார்த்தவர்கள் வந்தார்கள், கூடவே பிளாஸ்டிக் பாட்டில்களும் வந்தன. மனசு உறுத்தியது. போன மாசியில், ஐந்தாவது தடவையாக, பெரியண்ணனையும் கூட்டிக்கொண்டு சாக்குப்பைகளோடு சுத்தம் செய்யக் கிளம்பினோம். யோசனை என்னுடையது. அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

பாதையின் கடைசித் திருப்பத்தில், பெரிய பாறையின் அடியில், முன்பெல்லாம் பேச்சு மும்முரத்தில் நாங்கள் கவனிக்காமல் தாண்டிய இடத்தில், இடுப்பு உயரத்துக்குக் காய்ந்த தழைகள் குவிந்து கிடந்தன. இடையிடையே சிப்ஸ் கவர்கள்.

"இத அள்ளி முடியாது, கொளுத்திடலாம்" என்றேன்.

பெரியண்ணன் என் முன்னால் வந்து இரண்டு கைகளையும் ஆட்டினார். வாயைத் திறக்கவில்லை. காடு பற்றிக்கொள்ளும் என்று பயப்படுகிறார்போல.

"சுத்தி பாறைதாங்க, ஒண்ணும் ஆகாது" என்று தீக்குச்சியைக் கிழித்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் சிரித்துக்கொண்டே விடுவித்துக்கொண்டேன். கால் மணி நேரத்தில் எல்லாம் சாம்பலாகிவிட்டது.

திருப்பம் தாண்டியதும் பெரியண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் பேச்சு வந்தது.

"அங்க பேசக் கூடாதுங்க, சார். வழியில செத்தவங்க எடத்துல தழைய போட்டுட்டு வாய தொறக்காம தாண்டிடணும். கொரல் கேட்டா அவங்க எழுந்து பின்னாலயே வந்துடுவாங்க. அப்பறம் திரும்பிப் போவ வழி தெரியாம அலைவாங்க. எங்க ஊர்ல அப்படி."

செத்தது அவர் மனைவி தைலம்மாள். பதிமூன்று வருஷத்துக்கு முன்னால், பிள்ளைவலி கண்டவளைப் போர்வையில் கட்டித் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். ரோடு கிடையாது. தோள் மாற்றுவதற்காக அந்தப் பாறையடியில் இறக்கிவைத்தபோது குழந்தை பிறந்தது. தாய் போய்விட்டாள். குழந்தை சிவரஞ்சனி இப்போது கள்ளக்குறிச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறது.

"அவ அம்மாவ போட்டோவுல கூட பாத்ததில்ல, சார். அந்தக் குவியலத்தான் அம்மான்னு சொல்லிகினு இருந்தா. நடக்கத் தெரிஞ்ச நாள்லேர்ந்து போட்ட தழை. இப்பவும் லீவுக்கு வரும்போதெல்லாம் ஆஸ்டல் வேப்பமரத்துல ஒரு கொத்து ஒடச்சிகினு வருவா." தலைத்துண்டை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டார். "வெள்ளிக்கெழம வரா. எனக்குச் சொல்ல வாய் வராது. நீங்க வந்து சொல்லிடுங்க, சார்."

வருகிறேன் என்றேன். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. வெட்கத்தில் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அந்த ஐந்து நாளும் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் கடைசியில் நான் கொளுத்தினேன் என்று முடிந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, பஸ் ஸ்டாண்டில் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். கூட்டம். கிளம்புகிற நேரத்தில் சீருடையில் ஒரு பெண்பிள்ளை ஏறியது. தோளில் பை. கையில் ஈரத்துணி சுற்றிய வேப்பங்கொத்து. பேர் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

"இது வெள்ளிமலை போவுதுங்களா?" என்று என்னைத்தான் கேட்டது.

"போவும்மா."

இலை நசுங்காமல் கொத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றது. நான் எழுந்துகொண்டேன்.

"இங்க உக்காரும்மா."

"தேங்க்ஸ், அங்கிள்" என்று உட்கார்ந்தது.

நான் பஸ்ஸைவிட்டு இறங்கிவிட்டேன்.