மெஷினக்காவின் சிவப்பு நாற்காலி

புனலைக் கன்னத்தில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைப் போடுகிறார் மெஷினக்கா. மெஷின் இழுக்கிறது, விடுகிறது, மறுபடி இழுக்கிறது. எதிரே நிற்கும் இளம் கணவன் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் சுவரிலிருக்கும் சுவிட்ச் பலகையை உன்னிப்பாக ஆராய்ந்துகொண்டிருக்கிறான். சற்றுப் பொறுத்துப் புனலை எடுத்தால் அக்காவின் இடது கன்னத்தில் அச்சடித்த மாதிரி ஒரு சிவப்பு வட்டம். "இது வேணாம்ப்பா. இழுக்கிறது நல்லாத்தான் இழுக்குது, விடும்போதுதான் ஒரு முரட்டுத்தனம். பச்சை உடம்பு தாங்காது" என்று அதைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்த மெஷினை இறக்குகிறார்.

அந்த வட்டம் சாயங்காலம் வரைக்கும் மறையாது. ஒன்று மறைவதற்குள் அடுத்தது விழுந்துவிடும். பக்கத்து மருந்துக்கடைக்காரர் ஆரம்பத்தில் அதைப் படை என்று நினைத்து, மனசு கேட்காமல் ஒரு களிம்பைக் கொண்டுவந்து கொடுத்தாராம். அக்கா அதை வாங்கி வைத்துக்கொண்டு, "எதுக்கும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

தாய்ப்பால் எடுக்கும் மெஷின்களை வாடகைக்கு விடும் கடை அது. பிரசவ ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்கு எதிரே, மருந்துக்கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில் நெருக்கியடித்து நிற்கிறது. முதலில் 'பம்ப் வாடகைக்கு' என்று மட்டும்தான் பலகையில் எழுதியிருந்தார். கட்டடத்தின் அடித்தளத்தில் தண்ணீர் நின்றுவிட்டது, எத்தனை அங்குலக் குழாய் என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்ததும், தாயும் சேயுமாக ஒரு படம் வரையச் சொன்னார். வரைந்தவர் தாயை நன்றாகவே வரைந்திருக்கிறார். குழந்தைக்குத்தான் ஓய்வுபெறப் போகிற அதிகாரியின் முகம் அமைந்துவிட்டது.

மெஷினக்கா என்ற பெயர் இதற்கும் முந்தையது. இதே அறையில் கணவரோடு தையல் மெஷின் பழுதுபார்த்த நாளில் வந்த பெயர். கணவர் இப்போது இல்லை. பெயரும், மெஷின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லும் காதும் அக்காவிடம் தங்கிவிட்டன.

கணவன்மார்கள் பெரும்பாலும் தனியாகத்தான் வருவார்கள். வந்து, "அந்த... மெஷின்" என்பார்கள். எந்த மெஷின் என்று அக்கா வேண்டுமென்றே ஒருமுறை கேட்பார். அப்புறம் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே வசனத்தைச் சொல்வார்கள்: "இருக்கிறதிலேயே பவர் ஜாஸ்தியானதைக் கொடுங்கக்கா."

"ஏம்ப்பா, தண்ணி லாரியா நிரப்பப் போறே? கன்னத்தைக் காட்டு."

புனலை மாற்றி, அவன் கன்னத்தில் வைத்து, கேட்ட பவரைப் போட்டுக் காட்டுவார். பையன் தோள்வரைக்கும் நெளிவான். "கன்னத்துக்கே இப்படின்னா யோசிச்சுக்கோ" என்று அணைத்துவிட்டு, அதன் பிறகுதான் விசாரணையே தொடங்கும். குழந்தை அம்மா பக்கத்தில் இருக்கிறதா, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறதா? நேராகக் குடிக்கிறதா, இழுக்கத் தெம்பில்லையா? பால் வரவில்லையா, வந்து கட்டிக்கொண்டுவிட்டதா? அந்தப் பெண் வேலைக்குப் போகிறவளா? போகிற இடத்தில் கதவு சாத்திக்கொள்ள ஓர் அறை உண்டா? கண்ணாடிப் பெட்டியில் குழந்தை என்றால், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இழுக்கும் கனமான மெஷின். வேலைக்குப் போகிறவள் என்றால், கைப்பையில் அடங்கும் சின்னது, சத்தமில்லாதது. குழந்தை பக்கத்திலேயே இருந்து நன்றாகக் குடிக்கிறது என்றால், "அப்புறம் எதுக்குடா மெஷினு? பேசாம வீட்டுக்குப் போயி பாத்திரம் கழுவு" என்று வெறுங்கையோடு அனுப்பிவிடுவார். வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்புவதில் அக்காவுக்கு ஒரு தனி சந்தோஷம்.

எந்த மெஷின் என்பதைத்தான் கணவனிடம் முடிவு செய்வார். புனல் எந்த அளவு என்பதற்கு அந்தப் பெண் வந்தே ஆகவேண்டும். மெஷின் வாடகைக்கு, பால் படுகிற புனலும் குப்பியும் குழாயும் புதிதாக வாங்கிக்கொள்ளவேண்டும். அதற்கு மூக்கால் அழுகிறவர்களிடம், "பல்லு விளக்குற பிரஷ்ஷை வாடகைக்கு எடுப்பியா?" என்பதோடு பேச்சை முடித்துக்கொள்வார்.

கடைக்குள்ளேயே பின்னால் ஒரு சின்ன அறை. சாய்வு நாற்காலி, கழுவுதொட்டி, சாத்திக்கொள்ள ஒரு கதவு. அந்தக் கதவுக்கு வெளியே, சுவரோரமாக, ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கிறது. அதற்கு மாமியார் நாற்காலி என்று பெயர். பெயர் வைத்தவர் அக்காதான்.

வெகுநாளைக்கு முன் ஒரு பெண்ணை உள்ளே உட்காரவைத்து, புனல் பொருத்தி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே அக்கா பால் இறங்கவைத்துவிட்டார். குப்பியின் அடியில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. கூடவே நின்ற மாமியார் எட்டிப் பார்த்து, "இவ்வளவுதானா? எனக்கெல்லாம் ரவிக்கை நனைஞ்சு போகும்" என்றார். "அந்த ஒரு வார்த்தைதான். குழாயை மூடுன மாதிரி நின்னுபோச்சு. நானும் என்னென்னமோ பண்ணிப் பாக்குறேன், ஒரு சொட்டு வரலை. அந்தப் பொண்ணு மூஞ்சியை நான் இன்னும் மறக்கலை" என்பார் அக்கா. அன்றிலிருந்து மாமியார்களுக்கு வெளியேதான் இடம். பெற்ற தாய்க்கும் அதே சட்டம்தான். உட்காரவைத்து, மடியில் குழந்தையைக் கொடுத்துவிடுவார். குழந்தை கூட வரவில்லையென்றால் துணிப்பையையாவது கொடுப்பார். "கை நெறைஞ்சிருந்தா வாய் கொஞ்சம் அடங்கும்" என்பது அவருடைய கணக்கு. கதவை ஒருக்களித்து வைத்து ஒட்டுக்கேட்கிற மாமியார்களும் உண்டு. அவர்களை அக்கா ஒரு பார்வை பார்ப்பார், கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்.

கடையில் இன்னொருவர் இருக்கிறார். கனத்த மூக்குக்கண்ணாடி போட்ட, அக்கா வயதேயான பெண்மணி. ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவர். கண்ணாடி என்றே கூப்பிடுகிறார்கள். திரும்பிவந்த மெஷின்களைத் துடைத்து அடுக்குவது, புனல் அளவெடுப்பது எல்லாம் அவருக்கும் அத்துபடி. அக்கா பத்து வார்த்தை பேசும் இடத்தில் கண்ணாடி "ம்" என்பார். இருவருக்கும் பொருத்தம் அதனாலேயே நீடிக்கிறது.

இப்படி ஊரார் வீட்டு மாமியார்களையெல்லாம் அடக்கி உட்காரவைத்த அக்காவுக்கு, போன மாதம் பேத்தி பிறந்தாள்.

ஒரே மகன். மருமகள் ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். அதிகம் பேசமாட்டாள், ஆனால் பேசினால் அளந்து பேசுவாள். பேத்திக்கு இழுத்துக் குடிக்கத் தெம்பில்லை என்று தெரிந்ததும், ஆஸ்பத்திரியிலிருந்து மருமகள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே கட்டிலுக்குப் பக்கத்தில் கடையிலேயே உசத்தியான மெஷினும் எல்லா அளவுப் புனல்களும் வந்து உட்கார்ந்துவிட்டன. மெஷினுக்கு அடுத்தபடியாகக் கட்டிலில் அக்காவும் உட்கார்ந்துவிட்டார். இப்படிப் பிடி, அப்படிச் சாய், தோளை இறக்கு. போதாததற்கு, "நேத்து ஒரு பொண்ணு வந்தா, உன்னைவிட ஒல்லி. ரெண்டு குப்பி ரொம்பிடுச்சு" என்று ஊக்கம் வேறு. எந்த வாயிலிருந்து வந்த வார்த்தை பாருங்கள்.

மருமகள் கோபப்படவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "அத்தை, கடையைக் கடையிலேயே விட்டுட்டு வாங்களேன். வீட்டுல எனக்கு அத்தை இருந்தா போதும்."

அக்கா அப்போதே மெஷினைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். அடுத்த நாள் மகன் வேறெங்கிருந்தோ ஒரு மெஷினை வாங்கிவந்து, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் அறைக்குள் கொண்டுபோனான்.

அதற்குப் பிறகு அக்கா பட்ட பாடு கொஞ்சமில்லை. அவர் படுக்கிற அறைக்கும் மருமகள் அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடும்போது இழுப்பின் முடிவில் காற்று சீறுகிற சத்தம் கேட்கும். குப்பிக்கு மேலே இருக்கிற வெள்ளை ரப்பர் வால்வு கிழிந்திருக்கிறது, அல்லது சரியாக உட்காரவில்லை. இழுக்கிற இழுப்பில் பாதி காற்றோடு போகிறது. அதை ஈடுகட்டத்தான் அவள் பவரைக் கூட்டிக்கொண்டே போகிறாள். கூட்டக் கூட்ட வலிக்கும், வலித்தால் பால் இறங்காது. இத்தனையும் அக்காவுக்குச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்தபடியே தெரிகிறது. எழுந்துபோய்ச் சொல்லத்தான் வழியில்லை.

மகனைப் பிடித்து, "அந்த வெள்ளை வால்வை மட்டும் மாத்தச் சொல்லுடா, நான் சொன்னேன்னு சொல்லாதே" என்றார்.

"அம்மா, வால்வுன்னு ஒரு சாமான் இருக்கிறதே எனக்குத் தெரியாது. நான் போய்ச் சொன்னா யாரு சொன்னதுன்னு அவளுக்குத் தெரியாதா? எனக்கு ரெண்டு பேரும் வேணும். என்னை விட்டுடு."

குழந்தையின் எடை ஏறவில்லை என்று டாக்டர் சொன்னார். சமையலறை அலமாரியில் ஒரு பால்பவுடர் டப்பா வந்து உட்கார்ந்தது. அதைப் பார்த்ததும் தன் கடையை ஊர் என்ன சொல்லும் என்பதுதான் அக்காவுக்கு முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வெட்கமாகவும் இருந்தது. டப்பாப் பால் குடித்தும் குழந்தை வளரும், அது அவருக்குத் தெரியாததில்லை. எத்தனையோ பேரிடம் அவரே சொல்லித் தேற்றியிருக்கிறார். ஆனால் இவள் தானே கொடுக்க ஆசைப்படுகிறாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அவள் அழுவது, மெஷின் சத்தம் கேட்கிற அதே காதில்தான் விழுகிறது.

"சொல்லிடுங்க" என்றார் கண்ணாடி, கடையில் ஒருநாள்.

"சொன்னா மெஷினையே தூக்கிப் போட்டுடுவா. இப்பவாவது அரைகுறையா இழுத்துட்டிருக்கா. எனக்கு வயிறு எரியுது, ஆனா வாயைத் தெறக்கப் பயமா இருக்கு."

"ம்."

போன வாரம் ஒரு முற்பகலில், ஒரு கணவனை வட்டக் கன்னத்தோடு அனுப்பிவைத்துவிட்டு அக்கா நிமிர்ந்தால், வாசலில் மருமகள். தோளில் குழந்தை, கையில் துணிப்பை. பைக்குள் அந்த மெஷின். ராத்திரியெல்லாம் தூங்காத முகம்.

"மெஷின் ஒண்ணு வேணும். எது சரியா வரும்னு பார்த்துக் கொடுங்க, அத்தை" என்றாள். எப்படியோ திரட்டிவைத்திருந்த தைரியம் அந்த வாக்கியத்தோடு தீர்ந்துபோய்விட்டது போலிருந்தது. அங்கேயே நின்றாள்.

அக்காவின் வாய் திறந்தது. கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுகூட அவரிடம் மிச்சமில்லை. எல்லாவற்றுக்கும் பதில் தெரியும், எந்தத் தட்டில் எந்த மெஷின் என்பதும் தெரியும். கை தானாகப் புனல் டப்பாவை நோக்கிப் போனது. போன கை அப்படியே நின்றது. பிறகு டப்பாவை எடுத்துக் கண்ணாடியின் பக்கம் நகர்த்திவைத்தார்.

"என் மருமக. நல்லாப் பாரு."

சொல்லிவிட்டு மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தார். அது கால் ஒன்று குட்டையாகி ஆடுகிற நாற்காலி. இத்தனை வருஷத்தில் அக்கா அதில் உட்கார்ந்ததில்லை; ஆடுவதும் அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

மருமகளுக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்க வரலையா, அத்தை?"

"மாமியாருங்க எல்லாம் இங்கதான். பிள்ளையைக் குடு."

மருமகள் ஒரு கணம் அவரையே பார்த்தாள். குனிந்து குழந்தையை அக்காவின் மடியில் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பின்னாலேயே கண்ணாடி போனார். இரண்டு கையிலும் சாமான் இருந்ததால் கதவைச் சரியாகச் சாத்தவில்லை.

உள்ளே நாற்காலி சாயும் சத்தம். பழைய மெஷினை எடுத்து மேசையில் வைக்கும் சத்தம். வால்வைக் கழற்றியிருக்க வேண்டும், கண்ணாடி "ம்" என்றார். அந்த 'ம்'மின் அர்த்தம் அக்காவுக்குத் தெரியும். கழுத்து தானாக அந்தப் பக்கம் நீண்டது.

"வலிக்குதா?" என்றார் கண்ணாடி.

மருமகளின் குரல் உடைந்திருந்தது. "ரொம்ப. ஒண்ணு சொல்றேன், அத்தைகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க..."

குழந்தை இரண்டு கையையும் நிறைத்துக்கொண்டு தூங்கியது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலை நீட்டி, கட்டைவிரலால் கதவைத் தள்ளிச் சாத்தினார்.