தீர்ப்பு வந்த மத்தியானம் இறங்கிய ஸ்டியரிங்

சில வருடங்களுக்கு முன்பு, பங்குனி மாத வெயிலில், மதுரை தல்லாகுளம் பக்கத்து கோர்ட்டில் எனக்கும் என் கணவருக்கும் விவாகரத்து ஆனது. இருவரும் சம்மதித்துக் கேட்டது என்பதால் சண்டையோ அழுகையோ எதுவும் இல்லை. நீதிபதி கேட்டதற்கெல்லாம் இருவரும் ஒரே பதிலைச் சொன்னோம். ரொம்ப நாளைக்குப் பிறகு நாங்கள் ஒத்துப்போன விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

அவர் குடிக்கிறவர் இல்லை, கை நீட்டுகிறவரும் இல்லை. சிம்மக்கல்லில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்குப் பார்க்கிறார். எங்களுக்குள் பேச்சு நின்று, பிறகு எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவது நின்று, கடைசியில் ஒரே வீட்டில் இருப்பதும் நின்றது. அவ்வளவுதான். மகள் என்னிடம் இருந்தாள். அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பதால் நாங்கள் பழசாக வாங்கிய காரை எனக்கு விட்டுவிட்டு, அவர் பைக்கை எடுத்துக்கொண்டார்.

அந்தக் காரில் கொஞ்ச நாளாகவே ஸ்டியரிங் ஆடிக்கொண்டிருந்தது. பிடித்துத் தூக்கினால் மேலே வரும், அமுக்கினால் கீழே போகும். வழக்கமாக விடும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டதற்கு, "பழைய வண்டில்லக்கா, அப்படித்தான் இருக்கும். சும்மா ஓட்டுங்க" என்றார்கள். கோர்ட்டு அலைச்சலில் நானும் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

அன்றைக்குத் துணைக்கு என் அண்ணன் வந்திருந்தார். கோர்ட்டு வேலை முடிந்ததும் அப்படியே காரில் ஹைவே வழியாகக் கொட்டாம்பட்டிக்குப் போய், என் அம்மா வீட்டில் விட்டிருந்த மகளைக் கூட்டிவருவதாக ஏற்பாடு. அவள் அங்கே இருப்பது அவள் அப்பாவுக்கும் தெரியும்.

உத்தரவு வந்ததும் வெளியே வந்தோம். வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்த காரைப் பின்னால் எடுத்து வாசலைப் பார்த்துத் திருப்பினேன். டக்கென்று ஒரு சத்தம். ஸ்டியரிங் மொத்தமாக இறங்கி என் மடியில் உட்கார்ந்துவிட்டது. பதறிப்போய் பிரேக்கை மிதித்தேன்.

"ஏய், என்னத்தப் பண்ண?" என்றார் அண்ணன்.

"நான் ஒண்ணும் பண்ணலண்ணே. அதுவா எறங்கிருச்சு."

கார் வழியை அடைத்துக் குறுக்கே நின்றது. பின்னால் ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பக்கம் மகளின் அப்பா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பைக்கைக் கிளப்பியிருந்தார். எங்களைப் பார்த்ததும் வண்டியை அணைத்துவிட்டு வந்தார். கார் கதவைத் திறந்து, "எறங்கு, பாப்போம்" என்றார். பல மாதங்களாக வக்கீல் மூலமாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம். நேராக என்னிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. "வேணாம் மாப்ள, நாங்க பாத்துக்கிறோம். நீங்க கெளம்புங்க" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. காலையில் கோர்ட்டுக்குள் போகும்வரை மாப்பிள்ளை. இனிமேல் எப்படிக் கூப்பிடுவது என்று அண்ணனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"இருங்க மச்சான். மொதல்ல ஓரமாத் தள்ளுவோம்."

இருவரும் சேர்ந்து காரை மறுபடி மரத்தடிக்குத் தள்ளினார்கள். டிக்கியில் ஸ்பேனர் பை எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியும். எடுத்துவந்து, கோர்ட்டுக்கென்று போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு டிரைவர் சீட்டுக்குக் கீழே மல்லாந்து படுத்தார். தலை பெடலுக்குப் பக்கத்தில், கால் இரண்டும் கதவுக்கு வெளியே.

"லைட்ட அடி."

நான் குனிந்து போனில் டார்ச் போட்டுக் காட்டினேன். ஸ்டியரிங் தண்டை டேஷ்போர்டோடு சேர்த்துப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் ஒன்று கழன்று மிதியடிமேல் கிடந்தது. இன்னொன்று விழுகிற மாதிரி தொங்கியது. கீழே கிடந்ததை அவர் வெளியே நீட்டினார்.

"மச்சான், மரை தேஞ்சுபோச்சு. இத சாம்பிளுக்குக் காட்டி புதுசு வாங்கிட்டு வாரீங்களா? வாஷரோட கேளுங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். முனகிக்கொண்டே நடந்து போனார்.

அந்த நேரம் பார்த்து என் வக்கீலம்மா அந்த வழியாக வந்தார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த காலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இப்பத்தான ஆர்டர் வாங்குனீங்க?" என்றார். "ஸ்டியரிங் கழண்டிருச்சு மேடம்" என்றேன். அவர் சிரிக்காமல் போனது பெரிய விஷயம்.

அண்ணன் வாங்கிவந்த போல்ட்டைப் போட்டு முடுக்கியதும் ஸ்டியரிங் பழையபடி நின்றது. வேலை முடிந்தது, இத்தோடு கிளம்பிவிடலாம் என்று நினைத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. இன்னும் உள்ளே நகர்ந்து, பெடலுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். அண்ணன் முன்னால் கெத்துக் காட்டுகிறாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது. அப்புறம் அந்தக் கை அசையாமல் நின்றது.

"இங்க வா. கைய வச்சுப் பாரு."

குனிந்து அவர் காட்டிய இடத்தைத் தொட்டேன். ஒரு நட்டு. விரலால் தொட்டதுமே சுற்றியது.

"மேல உள்ளது கழண்டா மடியில விழும், அவ்வளவுதான். திருப்புறது சக்கரத்துக்குப் போறது இந்த ஜாயின்ட் வழியா. இது விட்டுப்போச்சுன்னா நீ எம்புட்டு ஒடிச்சாலும் வண்டி திரும்பாது" என்றார். ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டு, "இதுலயா பாப்பாவ ஹைவேல கூட்டிட்டு வரப் போன?" என்று கேட்டார்.

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அதில் எங்களுக்குப் பழக்கம் இருந்தது. இப்போது டார்ச்சை அந்த நட்டுக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தேன்.

அதையும் முடுக்கிவிட்டு வெளியே வந்தார். சட்டை முதுகெல்லாம் மண், கையெல்லாம் கிரீஸ். அண்ணன் தன்னிடமிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் கையில் ஊற்றினார். அவர் விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினார்.

"மெதுவா ஒர்க்‌ஷாப் வரைக்கும் போகலாம். அந்தப் பழைய ஆள்ட்ட விடாத, வேற எடத்துல ஜாயின்ட்ட மாத்தச் சொல்லு. ஹைவேக்கு இன்னைக்கு வேணாம், பஸ்ஸுல போங்க" என்றார். பைக்கில் ஏறிய பிறகு, "ஞாயித்துக்கிழமை வாரேன்னு பாப்பாட்டச் சொல்லு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவரை என்னவென்று கூப்பிட்டு நிறுத்துவது என்று யோசிப்பதற்குள் பைக் வாசலைத் தாண்டிவிட்டது.

காரை வேறொரு ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். அங்கே கழற்றிப் பார்த்தவரும் ஜாயின்ட் விட்டுப்போகிற நிலையில்தான் இருந்தது என்றார்: "நல்லவேளை, டவுனுக்குள்ளயே நின்னுச்சு."

கொட்டாம்பட்டி பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. லாரிகள் பக்கத்தில் உரசுகிற மாதிரி போகும்போதெல்லாம் அந்த நட்டு விரலில் சுற்றியது நினைவுக்கு வந்தது. மேலூர் தாண்டியதும் அண்ணன் மெல்ல ஆரம்பித்தார். "நல்ல மனுசன்தான்… ஆனாலும்…" அந்த 'ஆனாலும்' என்னவென்று எனக்குத் தெரியும். எடுத்த முடிவில் அப்போதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை, இன்றுவரை வந்ததும் இல்லை. அவருக்கும் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

மகள் வாசலுக்கு ஓடிவந்து, "கார் எங்கம்மா?" என்றாள்.

"ரிப்பேராயிருச்சு."

"அப்பா சரி பண்ணிருச்சா?"

வழக்கமாக அந்த மாதிரி கேள்விகளுக்கு நான் பேச்சை மாற்றிவிடுவேன். அன்றைக்கு, "ஆமா, அப்பாதான் சரி பண்ணுச்சு" என்றேன். அவள் உடனே உள்ளே ஓடி அதை அம்மாச்சியிடம் சொன்னாள்.

விவாகரத்து ஆனவள் என்று தெரிந்ததும், அந்த ஆள் என்ன செய்தான் என்று கேட்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். என்னோடு சேர்ந்து வாழ முடியாத மனிதர், நான் பத்திரமாக ஊர் போய்ச் சேர வேண்டும் என்று மண்ணில் படுத்திருந்ததை அவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "ஒண்ணும் செய்யல, நல்லவர்தான்" என்று மட்டும் சொல்கிறேன். அதைச் சொல்லும்போது எனக்கு இப்போதெல்லாம் மனசு லேசாக இருக்கிறது.