மஞ்சள் வைத்த வாக்குச்சீட்டு

கொரோனா ஆண்டின் அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஆறு மணி சொச்சத்துக்கு மியூனிக்கில் டோர்ட்மண்டு ரயில் ஏறினேன். தூரம் சுமார் அறுநூறு கிலோமீட்டர். முன்கூட்டியே வாங்கியதால் டிக்கெட் 39 யூரோ 90 சென்ட்டோடு போயிற்று. அலுவலகத்தில் விடுப்புக்குக் காரணம் சொல்லவில்லை. அமெரிக்க ஜனாதிபதிக்கு ஜெர்மனியில் எப்படி ஓட்டுக் கேட்கிறார்கள் என்று பார்க்கப் போகிறேன் என்றால் மேலாளர் என்னை ஒரு மாதிரிப் பார்த்திருப்பார்.

எனக்குச் சொந்த ஊர் விருதுநகர். தேர்தல் வந்தால் ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி காலை ஏழு மணிக்கே ஆளை எழுப்பிவிடும். அப்படி வளர்ந்தவனிடம் என் அறைத்தோழன் ரூபன் ஒரு சேதி சொன்னான். பதவியில் இருக்கும் ஜனாதிபதியே மறுபடி நிற்கிறார், ஜெர்மனியில் வசிக்கும் அமெரிக்கர்களின் ஓட்டையும் விடாமல் அவருடைய கட்சிக்காரர்கள் இங்கே மேசை போடுகிறார்கள் என்று. ரூபன் ஹம் நகரில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. "எங்கட மலர் சித்தியிட்ட அமெரிக்கப் பாஸ்போர்ட் இருக்கு. வெள்ளிக்கிழமை டோர்ட்மண்டுக்குப் போறா. நீயும் போய்ப் பாரன்" என்றான். சும்மா கிடந்த சங்கை ஊதிவிட்டான்.

மதியம் 12.20. டோர்ட்மண்ட் ரயில் நிலைய வாசலில் மலர் அக்கா காத்திருந்தார். ஹம்மிலிருந்து அரை மணி நேரம்தான் அவருக்கு. அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. முகக்கவசத்துக்கு மேலே நெற்றியில் பெரிய பொட்டு, கையில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் ஒரு தபால் கவர்.

"தம்பிதானே மியூனிக்கில இருந்து? வாங்கோ. இவையளிட்டையும் டேர்மின் எடுக்க வேணுமோ எண்டு ரெண்டு நாளா யோசிச்சனான்" என்றார். பல் டாக்டரோ பாஸ்போர்ட்டோ, இங்கே எதற்கும் முன்கூட்டி நேரம் வாங்க வேண்டும். ஓட்டுக்கும் அப்படித்தான் என்று நினைத்திருக்கிறார்.

நடந்துகொண்டே தன் கதையைச் சொன்னார். பதினேழு வயதில் யாழ்ப்பாணத்தை விட்டவர். அப்போது ஓட்டுப் போடும் வயதில்லை. பிறகு நாடு நாடாக அகதி. கடைசியில் பென்சில்வேனியாவில் குடியுரிமை கிடைத்தது, ஆனால் அந்த முறை ஜனாதிபதித் தேர்தல் முடிந்துவிட்டிருந்தது. அக்காவான ரூபனின் அம்மாவுக்குத் துணையாக ஹம்முக்கு வந்து மூன்று வருடம். இப்போது வயது ஐம்பத்து மூன்று. இதுவரை எந்த நாட்டிலும் ஓட்டுப் போட்டதில்லை.

"இதுதான் முதல் வோட்டு, தம்பி. தபாலில சீட்டு வந்தது. நிரப்பியாச்சு. எல்லாம் சரியோ எண்டு ஒருக்கா காட்டிப்போட்டு அனுப்புவம்."

12.45. பெரிய தேவாலயத்துக்குப் பக்கத்தில், ஒரு காப்பிக் கடை வாசலில் இருந்தது அந்த மேசை. இதுதானா என்று எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. கையகலக் கொடி ஒன்று, மடிக்கணினி, கடையிலிருந்து இழுத்த மின்கம்பியில் ஒரு பிரிண்டர், தட்டில் பிஸ்கட். கட்-அவுட் இல்லை, கோஷம் இல்லை. மேசைக்குப் பின்னால் லிண்டா என்கிற அறுபது வயது அமெரிக்கப் பெண்மணி. ஜெர்மானியரைக் கட்டிக்கொண்டு முப்பது வருடமாக இங்கே இருக்கிறார்.

என்னிடம் முதல் கேள்வியே பாஸ்போர்ட்தான். இந்தியா என்றதும் புன்னகையோடு பிஸ்கட் தட்டைத் தள்ளினார். ஓட்டில்லாதவனுக்கு அவ்வளவுதான் மரியாதை.

மலர் அக்கா கவரை எடுத்ததும் லிண்டா அதையே பார்த்தார். நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம். "உள்ளே சீட்டிலும் இருக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அக்கா பெருமையாகத் தலையாட்டினார். கல்யாணப் பத்திரிகை, புதுக் கணக்கு, வீட்டுப் பத்திரம் எதுவானாலும் மூலையில் மஞ்சள் வைக்காமல் நம்மில் யார் கொடுக்கிறார்கள்? பிள்ளையார் படத்தின் முன் வைத்து, குழைத்த மஞ்சளைத் தாராளமாகவே தொட்டு வைத்திருக்கிறார். ஈரம் ஊறி, மறுபக்கத்தில் ஓட்டுக்குறி போடும் வட்டங்கள் வரை இறங்கிவிட்டது.

லிண்டா மெதுவாக விளக்கினார். எண்ணும் இயந்திரம் இந்தக் கறையைக் கண்டு சீட்டை ஒதுக்கலாம். யாருடைய சீட்டு என்று காட்டும் அடையாளம் இது என்று யாராவது ஆட்சேபித்தாலும் வம்புதான்.

அக்காவின் முகம் செத்துவிட்டது. "நல்லதெண்டுதானே தம்பி வைச்சனான். இனி ஒண்டும் செய்ய ஏலாதோ?"

வேடிக்கை பார்க்க வந்தவன் நான். இந்த அம்மாளின் முப்பத்தாறு வருடக் காத்திருப்பு ஒரு சிட்டிகை மஞ்சளில் போய்விடும் போலிருந்தது.

வழி இருந்தது. பென்சில்வேனியாவில் அக்காவின் பெயர் பதிவான மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் பழைய சீட்டை ரத்துசெய்து, புதியதை மின்னஞ்சலில் கேட்கலாம். ஆனால் அங்கே விடிந்து கதவு திறக்க இங்கே 2.30 ஆக வேண்டும். காத்திருந்தோம். 2.30க்கு லிண்டாவின் போனிலிருந்து அக்காவே பேசினார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அனுப்புகிறோம் என்றார்களாம்.

காத்திருந்த நேரத்தில் என் குறுகுறுப்பு அடங்கவில்லை. "உங்கள் ஜனாதிபதிக்குத்தான் போடுவார் என்று தெரியுமா? எதிராளிக்குப் போட்டால்?" என்று லிண்டாவிடம் கேட்டேவிட்டேன்.

"கேட்க ஆசைதான். கேட்க மாட்டேன். எதிராளிக்குப் போட்டால் அது என் தலையெழுத்து" என்று சிரித்தார். ஜெயிக்கத் துடிக்கும் கட்சிக்காரி, யாருக்கென்றே தெரியாத ஓட்டுக்காக நாள் முழுக்கக் குளிரில் நிற்கிறார். எங்கள் ஊரில் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

3.40க்கு மின்னஞ்சல் வந்தது. சீட்டு அச்சாகி வந்ததும் லிண்டா முதுகைத் திருப்பிக்கொண்டார். நானும் தேவாலயக் கோபுரத்தைப் பார்த்தேன். அக்கா கடையின் மூலை மேசையில் உட்கார்ந்து, கையைக் குவித்து மறைத்தபடி, பரீட்சை எழுதும் பிள்ளை மாதிரி நிரப்பினார். உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டு, புதுக் கவரில் வைத்து ஒட்டினார்.

4.30. தபால் நிலையம். பதிவுத் தபால் 7 யூரோ 20 சென்ட். கவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனதும் அக்கா கொஞ்ச நேரம் நகரவில்லை. பின்னால் நின்றவர் செருமினார். வெளியே வந்ததும் முகக்கவசத்தைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"யார் வெண்டாலும் வெல்லட்டும் தம்பி. என்னையும் ஒரு ஆளா எண்ணப் போகினம்."

ரயில் நிலையத்தில் அவருக்கு ஹம், எனக்கு மியூனிக். நடைமேடையில் கேட்டார்: "நீங்கள் கடைசியா எப்ப வோட்டுப் போட்டனீங்கள்?"

போன வருடத் தேர்தலன்று நான் லீவில் விருதுநகரில்தான் இருந்தேன். பட்டியலில் பெயர் இருந்தது. பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து இருநூறு அடி. வரிசையில் முப்பது பேர் நின்றார்கள், வெயிலும் அடித்தது, திரும்பி வந்து படம் பார்த்தேன். "ஞாபகம் இல்லக்கா" என்றேன்.

"மறக்கிற அளவுக்குப் போட்டிருக்கிறியள். குடுத்து வைச்ச பிள்ளை" என்று சொல்லி, ஹம் ரயிலில் ஏறினார்.