தலைகீழாகப் பிடித்த சீட்டு

சங்கத் தலைவரே, இந்த வருட நத்தார்ப் பண்டிகைக் குலுக்கலை நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு நடத்தினீர்கள்.

போன சனிக்கிழமை இந்த இத்தாலிய நகரத்துக் கபோச் சந்தையில் வாள்மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது போனில் செய்தி வந்தது. கொழும்புக்குப் போய்வரும் விமானச் சீட்டு உங்கள் மச்சானுக்கு விழுந்திருக்கிறதாம். ஏதோ ஒரு போன் ஆப்தான் பெயரை எடுத்ததாம். யார் பார்த்தது? நீங்கள் பார்த்தீர்களாம்.

என் கையில் மீன் வாசம். எங்கள் பழைய குலுக்கல்கள் எல்லாம் அந்த வாசத்தோடுதான் நடந்தன. சங்கத்துக்கு மண்டபம் இல்லாத காலம். சந்தை முடிந்து கழுவிவிட்ட சந்துக்குள், மீன்காரன் தோத்தோவின் மேசையைச் சுற்றி நிற்போம். பெயர்களைத் தமிழில் எழுதி ஒரு நீல வாளிக்குள் போடுவோம். எடுப்பது தோத்தோ. மன்னார்க்காரர் எடுத்தால் தீவுக்காரர் முறைப்பார், தீவுக்காரர் எடுத்தால் வன்னிக்காரர் முறைப்பார். ஆகவே தமிழ் வாசிக்கத் தெரியாத கைதான் வேண்டும் என்று முடிவெடுத்திருந்தோம். அவன் ஈரக் கையால் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, யார் இது என்று இத்தாலியனில் கத்துவான்.

"பாரடாப்பா, தலைகீழாப் பிடிக்கிறான். இவனை நம்பலாம்," என்பார் சூசை அண்ணை.

நீங்களும் அங்கே நின்றவர்தான், தலைவரே. ஒருமுறை, "வாளியைக் கவிட்டுக் காட்டச் சொல்லுங்கோ, அடியில ஒட்டிக் கிடக்கும்," என்று சத்தம் போட்டது நீங்கள். தோத்தோ கவிழ்த்தான். என் சப்பாத்து நனைந்ததுதான் மிச்சம். ஆனாலும் நீங்கள் கேட்டது சரி.

இந்த நாட்டில் சின்னக் குலுக்கலுக்கும் சட்டம் உண்டு. நகரசபைக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அவர்களுடைய ஆள் வந்து நின்று பார்க்க வேண்டும். எங்களுக்கு வந்த கிழவர் வாளியைப் பார்த்ததைவிட நாங்கள் வைத்த ரோல்ஸ் பலகாரத் தட்டைப் பார்த்ததுதான் அதிகம். இருந்தாலும் வந்தார், பார்த்தார், கையெழுத்து வைத்தார்.

ஊரில் லாட்டரிச் சீட்டு விற்கும் சுவீப் ரிக்கற்காரர் சைக்கிளில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வருவார். நடத்தியது அரசாங்கம். அந்த அரசாங்கத்தை நாங்கள் வேறு எதிலும் நம்பவில்லை. ஆனால் குலுக்கலை ஆட்கள் பார்க்கத்தான் நடத்தினார்கள். பிறகு தமிழ்நாட்டு அகதி முகாமில் சில வருடங்கள் இருந்தேன். அங்கே லாட்டரியே தடை. பக்கத்துக் கேரளத்தில் அரசாங்கமே விற்றது. மலைக்கு இந்தப் பக்கம் குற்றம், அந்தப் பக்கம் அரசாங்க வருமானம். எனக்கு அது விளங்கவே இல்லை, இன்றைக்கும் விளங்கவில்லை. இங்கே சிகரெட் விற்கும் கடையில் விற்கிறார்கள். பதினெட்டு வயதாகாதவருக்குக் கொடுக்கக்கூடாது. நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. ஆனால் பெயர் எடுக்கும்போது நாலு பேர் பார்க்க வேண்டும் என்பதற்குச் சட்டமா வேண்டும்?

றெஜினா அக்கா கால்சாப் பகுதியில் ஒரு வயதான இத்தாலியச் சினோராவுக்கு வீட்டுப் பணிவிடை செய்கிறார். அக்காவின் அம்மா மன்னாரில் படுத்த படுக்கை. அக்கா ஒவ்வொரு வருடமும் குலுக்கலில் பெயர் கொடுப்பார், ஒரு வருடமும் விழுந்ததில்லை. மேசையடியில் நின்று தோற்றுவிட்டு, சீட்டு விழுந்தவரின் கையைப் பிடித்து, "என்ட அம்மாவுக்குக் கொஞ்சம் ஒலிவ் எண்ணெய் கொண்டுபோறியளே?" என்று கேட்பார். கேட்டுவிட்டுச் சிரிப்பார். கண்ணுக்கு முன்னால் தோற்றதால் அந்தச் சிரிப்பு வந்தது.

மீனோடு நேரே அக்காவிடம் போனேன். இம்முறை அவர் சிரிக்கவில்லை.

"விழாட்டில் என்ன தம்பி, எனக்குப் பழகிப்போச்சு. தலைவற்ற போனுக்குத்தான் பேர் அனுப்பினனான். ஓம் எண்டும் இல்லை, இல்லை எண்டும் இல்லை. என்ட பேர் உள்ளுக்கை கிடந்ததோ எண்டுதான் யோசிக்கிறன்."

"கேளுங்கோவன் அக்கா."

"நான் கேட்டா, ஆசை பிடிச்சவள் எண்டு கதைப்பினம். அம்மா இன்னொரு நத்தாருக்கு இருக்க மாட்டா, தம்பி."

தோத்தோ இப்போது இல்லை. அவன் மேசை நின்ற இடத்தில், துறைமுகத்தில் உல்லாசக் கப்பலால் இறங்கி வருகிறவர்களுக்குப் பொரித்த மீன் விற்கிறார்கள். நகரசபை ஆளை யாரும் கூப்பிடுவதில்லை. நீல வாளியால் மண்டபத்தின் தரை கழுவுகிறார்கள். தன் பெயர் வாளிக்குள் விழுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர் இன்று எங்களில் ஒருவரும் இல்லை.

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் ஒலிவாங்கியைப் பிடித்து, எல்லாருக்கும் முன்னால் சொல்லுங்கள், தலைவரே. றெஜினா அக்காவின் பெயர் உள்ளே இருந்ததா?