நான் பார்க்காத கால்

நான் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று சொன்னேன். ஒரு முறையல்ல, இரண்டு முறை! முதல் முறை சொன்னபோது எனக்கு உண்மை தெரியாது. இரண்டாம் முறை தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

இதற்குள் நீங்கள் ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். இந்த ஆள் எவனிடமோ கை நீட்டியிருப்பான் என்று. ஊரும் அப்படித்தான் பேசியது. நான் எவனிடமும் ஒரு வெற்றிலைகூட வாங்கியதில்லை. வாங்கியிருந்தால் இந்த உறுத்தல் கொஞ்சம் குறைந்திருக்குமோ என்னவோ...

எழுபதுகளின் நடுப்பகுதி. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில், வயல்களுக்கு நடுவே, இரும்பு வார்க்கும் ஆலை ஒன்று புதிதாக வந்திருந்தது. அதில் நான் டைம் கீப்பர். மணிமங்கலத்திலிருந்து தினமும் சைக்கிளில் போவேன்.

ஒருவனுடைய வருகை அட்டையை இன்னொருவன் கடிகாரத்தில் குத்துகிறானா என்று பார்ப்பதே என் பிழைப்பு. சிரித்துக்கொண்டு வந்தால் ஏன் சிரிக்கிறான் என்று பார்ப்பேன். சிரிக்காமல் வந்தால் எதை மறைக்கிறான் என்று பார்ப்பேன். 'கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கினு ஒக்காந்துகீறாரு' என்று என் காதுபடவே கேலி செய்வார்கள். எனக்கு அது பட்டம் கொடுத்ததுபோல் இருக்கும்!

ஏழுமலை கேஷுவல் தொழிலாளி. ஆலைக்குப் பக்கத்து ஏரியை ஒட்டிய குடிசைப் பகுதிக்காரன். தினமும் வாசலில் நின்று, "வணக்கம் சார், சாப்டாச்சா?" என்று கேட்காமல் உள்ளே போகமாட்டான். மற்றவர்கள் யாரும் என்னிடம் அப்படிக் கேட்பதில்லை. இவன் மட்டும் ஏன் கேட்கிறான்? அட்டையில் ஏதோ தில்லுமுல்லு செய்கிறான் என்று எட்டு மாதம் அவனைக் கவனித்தேன். ஒன்றும் சிக்கவில்லை. சிக்காததனாலேயே என் சந்தேகம் தடித்தது.

அந்தப் பொங்கலுக்கு மேனேஜர் ஒரு நீச்சல் போட்டி அறிவித்தார். கேஷுவல்களுக்கு மட்டும். ஜெயிப்பவன் பெர்மனென்ட் ஆவான். கம்பெனியின் பெயரில் வெளிப்போட்டிகளுக்கும் போவான். பெர்மனென்ட்! அந்தச் சொல்லுக்காக அங்கே மனிதர்கள் வருடக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள்.

பதினொரு பேர் பெயர் கொடுத்தார்கள். ஏரியின் உபரிநீர் வழியும் கலங்கலின் கற்கட்டிலிருந்து குதித்து, நடு ஏரியில் மிதக்கும் சிவப்புப் பீப்பாயைச் சுற்றிக்கொண்டு, திரும்பி வந்து அதே கல்லைத் தொட வேண்டும்.

"சார், நடு ஏரியில ஒரு மேடு கீது. உள்ளூர்ப் பசங்களுக்கு அது தெரியும். அதுல கால ஊனி ஓடிடுவானுங்க" என்று மேனேஜரை எச்சரித்தவன் நான்தான். கால் ஊன்றியவன் போட்டியில் இல்லை என்ற விதி அப்படித்தான் வந்தது. அதைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பும் என் தலையிலேயே விழுந்தது. எனக்கு நீச்சல் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை, தெரியாது என்று நானும் சொல்லவில்லை.

எண்ணெய்ப் பீப்பாய்கள் நான்கைக் கட்டி மேலே பலகை போட்ட தெப்பம். அதில் என்னை ஏற்றி நடு ஏரிக்குக் கொண்டுபோனான் ஒரு தொழிலாளி. சிவப்புப் பீப்பாய் நகராமல் இருக்க அதன் அடியில் ஓர் இரும்புக் குண்டைக் கட்டி இறக்கினான். கயிறு போய்க்கொண்டே இருந்தது.

"சார், கவுறு பத்தல. இன்னொண்ணு முடிஞ்சாத்தான் குண்டு தரைக்குப் போவும்."

இவன் வீட்டில் மாடு இருக்கிறது, கயிறு வேண்டியிருக்கிறது என்று நினைத்தேன். "முடி. ஆனா சாயங்காலம் ரெண்டு கவுறும் என் கைக்கு வரணும்" என்றேன். என் புத்தி அவ்வளவு தூரம்தான் போனது. கயிறு ஏன் போதவில்லை என்று ஒரு கணம் யோசித்திருந்தால்... ஐயோ, ஒரே கணம்!

போட்டி தொடங்கியது. ஏழுமலை முதலில் வந்தான். அவனுக்கு வெகுதூரம் பின்னால் சம்பத். இவன் வாலாஜாபாத் பக்கத்துப் பையன். பீப்பாயைச் சுற்றாமல் குறுக்கே திரும்பிவிடுவானோ என்று எனக்குச் சந்தேகம். கண்ணை அவன்மீதே வைத்திருந்தேன். என் முதுகுப் பக்கத்தில் ஏழுமலை பீப்பாயைச் சுற்றினான்.

நான் திரும்பிப் பார்த்தபோது அவன் பீப்பாயை ஒட்டி, தோள் வரை தண்ணீருக்கு மேலே இருந்தான். கற்கட்டுக்கு அடையாளமாகக் கரையில் கட்டியிருந்த கொடி எங்கே என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு மூச்சு இழுத்துவிட்டுப் பாய்ந்து போய்விட்டான்.

நான் பார்த்தது தோள். கால் அல்ல. செம்மண் கரைந்த தண்ணீரில் ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே எதுவும் தெரியாது. ஆனால் என் மனத்துக்குள் அவனுடைய கால் பளிச்சென்று தெரிந்தது! மேட்டில் பதிந்த பாதம், விரலிடுக்கில் பிதுங்கும் சேறு எல்லாம் தெரிந்தது. எட்டு மாதம் தேடியது கிடைத்துவிட்டது என்று எனக்குள் ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இப்போதும் எனக்கு என்னைப் பிடிக்காமல் போகிறது.

ஏழுமலை முதலில் கல்லைத் தொட்டான். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். தெப்பம் கரை சேர்ந்ததும் நான் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். ஆட்டம் நின்றது.

"நீ அங்கே நின்றாயா?" என்று மேனேஜர் ஏழுமலையிடம் கேட்டார். அவர் ஏரி குளம் அறியாத பட்டணத்து மனிதர்.

"நின்னேன் சார். கொடி தெரியல, அதான். நின்ன நீச்சல் சார். கால ஊனல."

தரையில் கால் படாமல், உடம்பை நேராக நிறுத்திக் கைகாலை அசைத்து மிதப்பதற்கு எங்கள் பக்கத்தில் நின்ன நீச்சல் என்று பெயர். மேனேஜருக்கு அது தெரியாது. 'நின்னேன்' என்பது மட்டுமே அவர் காதில் விழுந்தது. நீந்தத் தெரியாவிட்டாலும் எனக்கு அந்தச் சொல் தெரியும். எடுத்துச் சொல்லியிருக்கலாம். வாயை மூடிக்கொண்டேன்... ஏன் மூடிக்கொண்டேன்?

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "கால் ஊன்றியதை நீங்கள் பார்த்தீர்களா?"

"பார்த்தேன் சார்."

ஏழுமலை என்னைப் பார்த்தான். உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் முகத்தில் கோபமே இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"மெய்யாலுமே பாத்தீங்களா சார்?"

"பாத்தேன்டா."

"கால்ல என்னமோ தட்டிச்சு சார்... அது தரையா? எனக்குத் தெரியலியே" என்றான். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "சார் பாத்தேன்னா பாத்துதான் இருப்பாரு. வுடுங்க" என்றான்.

சம்பத் பெர்மனென்ட் ஆனான். சித்திரை பிறப்பதற்குள் ஏழுமலையை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கடைசி நாளும் வாசலில் நின்று, "சாப்டாச்சா சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் போனான்.

தெப்பக்காரன் அன்று மாலை கயிறு கொண்டுவரவில்லை. குண்டைத் தூக்க முடியவில்லை, அறுத்து விட்டுவிட்டேன் என்றான். நான் நம்பவில்லை. ஒரு மாதம் அவனைக் கயிறு கயிறு என்று குடைந்தேன்.

அந்தக் கோடையில் ஏரி வற்றியது. கரைமேல் சைக்கிளில் வந்தவன், நடு ஏரியைப் பார்த்து இறங்கினேன். மேடு இருந்த இடத்தில் மேடு இல்லை. பள்ளம்! இரண்டு ஆள் ஆழத்துக்குச் செங்குத்தாக வெட்டிய பள்ளம். அதன் அடியில், காய்ந்து வெடித்த சேற்றில் அந்த இரும்புக் குண்டு கிடந்தது. அதனோடு ஒன்றோடொன்று முடிந்த இரண்டு கயிறுகளும் கிடந்தன.

அங்கே எவனாலும் கால் ஊன்றியிருக்க முடியாது. அவன் காலில் தட்டியது அந்தக் கயிறு!

அந்தப் பள்ளம் எப்படி வந்தது தெரியுமா? முந்தைய கோடையில் எங்கள் ஆலையின் புது ஷெட்டுக்கு ஏரி மண்ணைத்தான் கொட்டி நிரவினார்கள். வெட்டி முடித்த வாரமே மழை வந்து, பள்ளம் யார் கண்ணிலும் படாமல் தண்ணீர் மூடிவிட்டது. ஒவ்வொரு லாரியையும் கேட்டில் நிறுத்தி எண்ணைக் குறித்தவன் நானே. மண்ணுக்குள் எதையாவது ஒளித்துக் கடத்துகிறார்களா என்று கம்பியால் குத்திக் குத்திப் பார்த்தேன். ஏரியில் எந்த இடத்தில் வெட்டினீர்கள் என்று மட்டும் ஒருவனையும் கேட்கவில்லை.

அன்றே மேனேஜரிடம் போயிருக்க வேண்டும். போனேன்... அவர் அறை வாசல் வரை போனேன். இந்த ஒன்றில் பொய் சொன்னவன் மற்றவற்றில் என்னவெல்லாம் சொன்னானோ என்று கேட்க மாட்டார்களா? நான் பிடித்துக்கொடுத்தவர்கள் எல்லோரும் திரும்பி வந்து நிற்க மாட்டார்களா? எல்லோரையும் சந்தேகித்துப் பிழைத்தவனுக்குத் தன்னை ஒருவர் சந்தேகிப்பதைத் தாங்க முடியவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

ஏழெட்டு ஆண்டுகள் கழித்து ஒரு காலை வேளை. ரயிலுக்கு நேரம் இருந்ததால், சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். "சார்! சாப்டாச்சா?" என்றது ஒரு குரல். தலை நரைக்கத் தொடங்கிய ஏழுமலை!

"கன்னிம்மா, இங்க வா. நான் சொல்வேன்ல, அந்த டைம் கீப்பர் சார் இவருதான்" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டான். அவன் மனைவி பாய்லருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். கிளாஸை என் முன்னால் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"நீங்கதானா அண்ணே? நான் ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனைச்சிக்கினு இருந்தேன். எங்க ஏரித் தண்ணி செவசெவன்னு இருக்கும். எறங்கினா நம்ம முட்டி நமக்கே தெரியாது. அதுல இவரு கால் உங்களுக்கு எப்படிண்ணே தெரிஞ்சிச்சு?"

ஊரில், ஆலையில், மேனேஜர் அறையில் யாருக்குமே தோன்றாத கேள்வி! டீ வாயைச் சுட்டது.

"ஏய், சாரை இன்னா கேள்வி கேக்குற நீ?" என்று ஏழுமலை அவளை அதட்டினான். ஆனாலும் அவனும் என் முகத்தையே பார்த்தான். பதிலுக்காகத்தான் பார்த்தான், எனக்குத் தெரியும். சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அங்கே பள்ளம் இருந்தது ஏழுமலை, உன் காலில் பட்டது கயிறு, நீ ஜெயித்தாய்... இவ்வளவுதானே! இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

"தெரிஞ்சிச்சும்மா," என்றேன். "பாத்தேன்."

ஏழுமலை பெருமூச்சு விட்டான். "கேட்டுக்கினியா? இனிமே அத்தப் பத்திப் பேசாத." பிறகு என்னிடம், "நடுவுல நடுவுல எனக்கே ஒரு டவுட்டு வரும் சார், நாம ஊனவே இல்லியோன்னு. தூக்கம் வராது. உங்க மேலயே தப்பா நெனைச்சிருக்கேன். மன்னிச்சிக்கோங்க சார்" என்றான்.

அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான்! நானும் "பரவாயில்லை" என்றேன். ஆம், அந்தச் சொல்லையும் சொன்னேன்.

கன்னியம்மா என் கிளாஸை எடுத்தாள். அதில் பாதி டீ இருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டே அதைத் தரையில் ஊற்றினாள்.

அவளுக்குத் தெரிந்துவிட்டதா? அவனிடம் என்றைக்காவது சொல்லியிருப்பாளா? அல்லது சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாளா? பிறகு அந்த நிலையத்துப் பக்கம் நான் போகவே இல்லை.

அன்று ரயில் வந்தது. என் பையை ஏழுமலைதான் பெட்டி வரை தூக்கிக்கொண்டு வந்தான்.