புதுவாயல் டீக்கடையில் என் கொரிய எழுத்து

கொரிய மொழியில் ஓர் எழுத்து திரையில் விழுந்த உடனே உட்கார்ந்துவிடாது. ஒரு விசையை அழுத்தினால் ஒரு துண்டு வரும், அடுத்ததை அழுத்தினால் அதன் பக்கத்தில் இன்னொன்று, மூன்றாவது காலடியில் வந்து ஒட்டும். எல்லாம் சேர்ந்தால்தான் ஒரு சதுர எழுத்து. அதுவரை அடியில் கோட்டோடு வரியில் காத்திருக்க வேண்டும். நான் வேலை செய்யும் கம்பெனியின் எடிட்டர், அதாவது கணினியில் எழுதித் திருத்த உதவும் மென்பொருள், ஆங்கிலத்துக்காகவே பிறந்தது. அதில் இன்னும் முழுமையாகாத கொரிய எழுத்து வரியில் நிற்காமல், திரையின் மூலையில் ஒரு தனிப் பெட்டிக்குள் போய் நின்றது. சொந்த மொழியை ஓரமாக உட்காரவைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? கொரிய மொழியில் சோறு கேட்கக்கூடத் தெரியாத நான், தென் கொரியாவின் சுவோன் நகரத்தில் உட்கார்ந்து அவர்கள் எழுத்தை அதன் இடத்தில் வைக்க மாதக்கணக்கில் மாரடித்தேன்.

நைனாவுக்கு இதைப் போனில் சொன்னபோது ஏகப்பட்ட பெருமை. எங்கள் வீடு புதுவாயலை ஒட்டிய கிராமத்தில். தம்பி குமாருக்குக் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் ஷிப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் புதுவாயல் பிரவுசிங் சென்டருக்குப் போய் என் மின்னஞ்சலை அச்செடுத்து வந்து படித்துக் காட்டுவான். அந்த வருடங்களில் எல்லோரையும் போல நானும் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடித்து அனுப்பினேன். செய்தித்தாளை விளம்பரம் விடாமல் படிக்கிற நைனா, மகன் சொல்வதைத் தம்பி வாயால்தான் கேட்க வேண்டியிருந்தது. அவன் பாதியை விழுங்குகிறான் என்று அவருக்குச் சந்தேகம் வேறு. ஒருநாள் போனைப் பிடுங்கிக் கேட்டே விட்டார்.

"ஊர்ல கீறவனுக்கெல்லாம் எழுத்து போட்டுக் குடுக்குறியாமே, பெத்தவனுக்கு இன்னாத்துக்குடா இங்கிலீஷு?"

சுருக்கென்றது. அதைவிட, நான் அப்போது சொல்ல வேண்டியிருந்த விஷயம் தம்பி வாய் வழியாகப் போகக்கூடியதாக இல்லை. இரண்டு வருடத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் விமானம் ஏறினேன். அதை நம்பி, நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டவர்களையெல்லாம் "பெரியவன் வந்துடுவான்" என்று திருப்பி அனுப்பிவிட்டு, அந்த வயதில் நைனாவே சேற்றில் இறங்கிக்கொண்டிருந்தார். நானோ இங்கேயே இருந்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். அதை அவர் தனியாக, தன் கண்ணால் படிக்க வேண்டும். கையால் எழுதிப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். பேனாவை எடுத்தால் முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. என் எடிட்டரிலேயே தமிழில் அடித்து அவரை அசத்த வேண்டும் என்ற நப்பாசையும் இருந்தது.

என் மேலதிகாரி கிம்மிடம் போய், எடிட்டரில் தமிழையும் சேர்க்கலாமா என்று கேட்டேன். இரண்டு பேருக்கும் ஆங்கிலம் அரைகுறை.

"தமிழுக்கு எத்தனை வாடிக்கையாளர்?"

"ஒருத்தர். என் அப்பா."

"அப்பா எந்தக் கம்பெனி?"

"கம்பெனி இல்லை. நெல் பயிரிடுகிறார்."

கிம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அரிசிக் கம்பெனி. மிக நல்லது. ஆனால் முதலில் கொரியன்" என்றார். அதற்குமேல் விளக்க எனக்குத் தெம்பில்லை.

கொரிய வேலை முடிந்ததும் விடுமுறை நாட்களில் நானே தமிழைச் சேர்த்தேன். ஒரு முழுப் பக்கம் அடித்தேன். நான் இனி வரப்போவதில்லை, நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடுங்கள், என்மேல் கோபப்பட்டாலும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அழாமல் எழுதி முடித்தேன், அனுப்பினேன்.

அந்த ஞாயிறு குமார் கூப்பிட்டான். "அண்ணா, கொரியா எழுத்துல அனுப்பிகீறியா? எல்லாம் கட்டம் கட்டமா வந்துகீது. நைனா பேப்பரக் கீழயே வெக்க மாட்டேங்குது."

பிரவுசிங் சென்டரின் பழைய கணினிக்கு என் தமிழ் புரியவில்லை. எழுத்துக்கு எழுத்து வெற்றுக் கட்டமாக அச்சடித்துக் கொடுத்திருக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் நைனா போனை வாங்கிவிட்டார்.

"இன்னா அழகா கீதுடா! ஒண்ணு கூட கோணல் இல்ல, நாத்து நட்டாப்புல. நீ செஞ்ச எழுத்தா இது?"

அது தமிழ் நைனா, நான் வரமாட்டேன் என்று எழுதியிருக்கிறேன். இப்படிச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. "ஆமா நைனா" என்றேன். அன்று சொல்லாதது இன்றுவரை சொல்ல முடியாமலே கிடக்கிறது.

புதுவாயல் கூட்டுரோட்டு டீக்கடையில் அந்தத் தாளைச் சுவரில் ஒட்டச் சொல்லிவிட்டாராம் நைனா. இங்கே யாரிடமாவது அதைக் காட்டினால் இது கொரியனே இல்லை என்பார்கள். அங்கே அதைத் தமிழ் என்று சொன்னால் சிரிப்பார்கள். அதன் கீழே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, டீ குடிக்க வருகிற ஆலைத் தொழிலாளிகளிடமெல்லாம் நைனா சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று குமார் சொன்னான்.

"எம்புள்ள எழ்தினது. இன்னா எழ்திகீறான்னு கேக்குறியா? வேற இன்னா, பொங்கலுக்கு வந்துட்றேன்னுதான் எழ்திகீறான்."